முப்பத்து நாலரை

வண்டியைத் தந்த அன்று
கால்நடைத் திணைக்கள முற்றத்தில் கைதட்டினார்கள்.
மண்பாதைக்கென்றே செய்தது.
முள்ளு ரயர், நெடுங்கழுத்து,
சீற்றின் உயரம் முப்பத்து நாலரை அங்குலம்.
நான் நாலடி பதினொன்று,
அதுவும் செருப்போடு.

சொந்தக் காலில் நில் என்று
பள்ளிக்கூடம் முதல் படித்துப் படித்துச் சொன்ன ஒருவரும்
அந்தக் கால் நிலத்துக்கு எட்டவேண்டுமென்று
சொல்லவில்லை.

ஓடும்போது குறையில்லை.
நிற்கும்போதுதான்.
கரிப்பட்டமுறிப்பில் எருமை குறுக்கே வந்தால்
இடப்பக்கம் ஒரு கல்லைத் தேடுவேன்,
ஒரு புற்றை, ஒரு மைல்கட்டையை,
பெருவிரல் நுனி தொட ஏதாவது.
சிவப்புப் பலகை நட்டிருந்த காலத்தில்
இந்தக் கரையில் கால்வைக்க யோசித்தோம்.
இப்போது பலகை இல்லை.
கால்தான் போதவில்லை.

மூன்று தரம் விழுந்தேன்.
மூன்று தரமும் யாரோ ஒருவர் ஓடிவந்து
முதலில் வண்டியைத் தூக்கினார்.

அங்கே ஒரு பசு கத்திக்கொண்டிருக்கும்.
கத்தத் தொடங்கிப் பன்னிரண்டு மணித்தியாலம்,
மிஞ்சினால் பதினெட்டு.
பிந்தினால் இன்னும் இருபத்தொரு நாள்.
என் உயரத்தைச் சொல்லி
பசுவுக்கு விளங்கப்படுத்த ஏலாது.

ஒட்டுசுட்டான் சந்தி, தவரூபனின் கராச்.
"குதி உயர்ந்த செருப்புப் போடுங்கோவன் மிஸ்."
நான் சிரிக்கவில்லை.
அளவுநாடாவை எடுத்தான்.

உறையை உரித்து
சீற் மெத்தையைப் பாண்போல அறுத்தான்.
முன் போர்க் இரண்டையும் தளர்த்தி
ஓரங்குலம் மேலே தள்ளி இறுக்கினான்;
ஹாண்டிலுக்குப் பக்கத்தில்
இளங்கன்றுக்குப்போல இரண்டு கொம்பு முளைத்தது.
பின்னுக்கு,
ஷொக்கைப் பிடிக்கிற இரும்புக் காதைக் கழற்றி
முறிந்த உழவு இயந்திரத் தகட்டில்
நீளமாய் ஒரு சோடி வெட்டினான்.
"முன்னும் பின்னும் ஒரேயளவு பதியவேணும் மிஸ்.
இல்லாட்டி வளைவிலை சொல்லுக் கேளாது.
வயிறு கல்லிலை அடிக்கும்.
அது இனி உங்கடை பாடு."

ஏறி இருந்தேன்.
குதி படவில்லை. விரலடி பட்டது,
இரண்டு பக்கமும்.
கொஞ்சநேரம் ஓட்டாமலே இருந்தேன்.

முத்தையன்கட்டு இடதுகரை,
அன்னலிங்கத்தாரின் பட்டி.
ஸ்ரான்டைத் தட்டி, கையுறை மாட்டி
நாலடி நடந்திருப்பேன்.
வண்டி சரியாமல் நிமிர்ந்து நின்றதாம்,
மாப்பிள்ளைபோல.
பிறகு மற்றப்பக்கம் விழுந்தது.
குடுவை மூடி கழன்று
நைதரசன் புல்லின்மேல் வெள்ளையாய் ஓடியது.
"இதென்ன பிள்ளை, பூசையோ?" என்றார் அன்னலிங்கத்தார்.
பசு கத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

இருபத்தொரு நாள்.

தவரூபன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.
"எல்லாத்தையும் குறைச்சன்,
முட்டுக்காலை மறந்திட்டன்."
ஒன்றரை அங்குலம் வெட்டி, ஒட்டி, கறுப்புப் பூசினான்.
காசு வாங்கவில்லை.
நான் வைத்துவிட்டு வந்தேன்.
வெட்டின துண்டு
கந்தோரில் கன்றுப் பதிவேட்டின்மேல் கிடக்கிறது.
மின்விசிறி சுற்றினால் அதற்கு வேலை.

பெரிய குருக்கள் சாமி என்று
யாரோ அதைத் தொட்டுக் கும்பிடாத குறை,
அவ்வளவு பேர் கேட்டுவிட்டார்கள் என்னவென்று.

இருபத்தொராம் நாள் விடிய நாலு மணிக்குப் போன்.
"கத்துது பிள்ளை."
இரவெல்லாம் மழை.
பாலத்துக்குமேல் தண்ணீர், கலங்கல்,
எவ்வளவு ஆழமென்று தெரியாது.
நடுவில் வயிறு கல்லில் அடித்தது, டங்கென்று,
அவன் சொன்னபடியே.
இயந்திரம் இருமி நின்றது.
வண்டி இடப்பக்கம் சாய,
கண்ணால் தேடாமல்
தண்ணீருக்குள் காலை விட்டேன்.

நிலம் இருந்தது.
சப்பாத்து நிறைந்தது.